முடிவு தெரிந்த மற்போர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கென்று கூடிய அவையில் மற்போரைப் பற்றிய பேச்சா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். வேறோர் ஊரில் இத்தலைப்பைக் கொடுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். கோவையில் அது வேண்டியதில்லை. இந்நகரத்து இராமநாதபுரத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்து, ஆலைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, 'வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலை'யில் உடல் வளர்த்து, பின்னர் 1956இல் தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சாண்டோ சின்னப்பா தேவரை அறியாதார் இங்கு இலர். சிங்காநல்லூர் சென்டிரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் நிறுவனத்தார் படங்கள் எடுத்த காலத்தில், 1947இல் வெளிவந்த 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அப்படத்தில் அவரோடு பொருதவர் சின்னப்பா தேவர். இருவரும் நண்பர்கள். யார் வெல்வார் என்பது கதை எழுதிய அன்றே தீர்ந்துபோன செய்தி. ஆயினும் கொட்டகையில் மண்தரையில் அமர்ந்திருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முடிவு தெரிந்த ஒரு சண்டையைப் பார்த்து மனிதன் ஏன் மூச்சைப் பிடிக்கிறான் என்பதே இவ்வுரையின் வினா.

தேவரின் பெயருக்கு முன்னே நிற்கும் 'சாண்டோ' என்னும் அடைமொழி எங்கிருந்து வந்தது? பிரஷ்ய நாட்டில் 1867இல் பிறந்த யூஜின் சாண்டோ என்னும் வலியவரின் பெயர் அது. 1904-05இல் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் இந்நாட்டில் தசை முறுக்கிக் காட்டியவரெல்லாம் சாண்டோ ஆயினர். அந்த மூலச் சாண்டோ 1894இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் சிங்கத்தோடு மற்போர் புரிவதாக அறிவித்தார். கூட்டம் திரண்டது. சிங்கத்தின் வாய்க்குக் கூடு, நகங்களுக்கு உறை. எல்லாம் முன்னேற்பாடு. ஆனால் சிங்கத்திற்கு யாரும் கதையைச் சொல்லியிருக்கவில்லை. அது சண்டைக்கு வரவே மறுத்துவிட்டது. மக்கள் ஏமாந்து திரும்பினர். ஏற்பாடு என்பது ஒருவர் செய்வதன்று, இருவர் செய்வது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. (யானையையும் பாம்பையும் நடிக்கவைத்துப் பொருளீட்டிய கோவைச் சாண்டோ, இவ்வகையில் மூலச் சாண்டோவை வென்றவர் என்றே சொல்ல வேண்டும்.)

ஏற்பாடே இல்லாத மற்போர் எப்படி இருக்கும்? 1910 செப்டம்பர் 10ஆம் நாள் இலண்டனில் நம் நாட்டுக் காமா பயில்வான், போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவை எதிர்கொண்டார். எழுந்தால் தோல்வி என்றறிந்த ஸ்பிஸ்கோ, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேல் காமா அவரைப் புரட்ட முயன்றுகொண்டே இருந்தார். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதே இருவர் 1928இல் பட்டியாலாவில் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்திற்குள் ஸ்பிஸ்கோ வீழ்ந்தார். முதலில் சொன்னது பார்க்கத் தாங்காதது, அடுத்தது கண் இமைப்பதற்குள் தீர்ந்தது. அமெரிக்காவில் 1916 ஜூலை 4ஆம் நாள், ஓமஹா நகரில், ஜோ ஸ்டெச்சரும் எட் லூயிஸும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கட்டிப்புரண்டு, அதுவும் முடிவின்றிப் போயிற்று. உண்மைக்கு அளவு தெரியாது. காலம் என்பதைக் கலைஞன்தான் தைக்க வேண்டியிருக்கிறது.

அதனைத் தைத்தவர்கள் அந்த லூயிஸும், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்பவரும். பில்லி சாண்டோவின் இயற்பெயர் வேறு, அவரும் நம் தேவரைப்போல் பெயரை இரவல் பெற்றவரே. 1920களில் இம்மூவரும் பழைய பிடிகளோடு குத்துச்சண்டையின் வேகத்தைக் கலந்தனர். நேர வரம்பு வைத்தனர். யார் வெல்வது, எப்படி வெல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தனர். இன்று உலகம் தொலைக்காட்சியில் காணும் தொழில்முறை மற்போரின் யாப்பு அங்கே அமைந்தது.

அந்த யாப்பைச் சற்று நின்று பார்க்கலாம். கவிஞர்களுக்கு அதில் வேலை இருக்கிறது.

முதலில் தீர்மானிக்கப்படுவது ஈற்றடி. போட்டியை அமைப்பவர் மல்லர் இருவரையும் அழைத்து, இன்னார் வெல்ல வேண்டும், இன்ன வகையில் வெல்ல வேண்டும், இத்தனை நிமிடம் வேண்டும் என்கிறார். மரபான முறையில் அவர் சொல்வது அவ்வளவே. இடைப்பட்டதை மல்லர்கள் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவன் நல்லவன், மற்றவன் தீயவன். பெரும்பாலும் தீயவனாக வருபவனே போட்டியை நடத்திச் செல்கிறான் என்பது வியப்பான செய்தி. அடி வாங்குபவனுக்குக் கைதட்டல் கிடைப்பதும், அடி கொடுப்பவன் அதற்குப் பொறுப்பேற்று உழைப்பதும் இக்கலையின் அறம். நம் திரைப்படங்களில் வில்லன் நடிகர்களை நேரில் அறிந்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரையில் நாடகத்திற்குரிய சந்தி ஐந்தினைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். அவற்றை அவர் விளக்கும் முறை உழவர் வீட்டில் வளர்ந்த எவருக்கும் நெஞ்சில் பதியும். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கதிர் உள்ளே கருக்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் விரிந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். அமெரிக்க மல்லர் எவரும் அடியார்க்குநல்லாரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அவர்களது போட்டியின் உறுப்புகளை எடுத்து அடுக்கினால் இந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நிற்கின்றன.

தொடக்கத்தில் நல்லவன் மேலோங்குகிறான். அவன் திறமை வெளிப்படுகிறது. அது முகம். பிறகு தீயவன் ஒரு சூது செய்கிறான். நடுவர் திரும்பியிருக்கும் நேரத்தில் கண்ணில் குத்துகிறான், கயிற்றில் கழுத்தை அழுத்துகிறான். ஆட்டம் திசை மாறுகிறது. அது பிரதிமுகம். அடுத்து வருவதுதான் நீளமான பகுதி. நல்லவன் அடிபட்டுக்கொண்டே இருக்கிறான். ஒருமுறை எழ முயல்கிறான், மீண்டும் வீழ்த்தப்படுகிறான். இன்னொருமுறை எழுகிறான், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, மீண்டும் வீழ்கிறான். மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்கிவிடுகிறான். கதிர் உள்ளே கருக்கொள்வது இங்கேதான். அனுபவமில்லாத மல்லன் இப்பகுதியில் அவசரப்படுவான். ஓர் அடி போதுமென்ற இடத்தில் மூன்று அடிப்பான். வலியைப் பார்வையாளன் உள்வாங்க நேரம் தரமாட்டான். தேர்ந்தவன் ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பான். பார்ப்பவனுக்கு அது வதை. மல்லருக்கோ அது இளைப்பாறும் இடம். தலையை அக்குளில் இறுக்கும் அந்தப் பிடியில் இருவர் முகமும் மறைந்திருக்கும், அப்போதுதான் அடுத்து என்ன செய்வது என்பதை ஒருவர் காதில் ஒருவர் ஓதுகிறார்கள். நடுவர் குனிந்து நிலைமையைப் பார்ப்பதுபோல் இன்னும் எத்தனை நிமிடம் என்பதைச் சொல்லிச் செல்கிறார். பிறகு விளைவு. நல்லவன் மீண்டெழுந்து திருப்பி அடிக்கும் பகுதி. இறுதியில் துய்த்தல். நெற்போர் அடிப்பதும் மற்போர் அடிப்பதும் தமிழில் ஒரு சொல்லில் வந்து கலப்பது தற்செயல்தான். ஆனாலும் இனிய தற்செயல்.

இவர்களுக்கென்று ஒரு குழூஉக்குறியும் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல, இம்மல்லர்கள் வலியை வெளிக்காட்டுவதை 'விற்பது' என்கிறார்கள். பட்ட அடிக்கு ஏற்ப முகமும் நடையும் மாறவேண்டும். இடதுகாலில் அடிபட்டவன் பத்து நிமிடம் கழித்தும் இடதுகாலைத்தான் இழுத்து நடக்க வேண்டும், மறந்து வலதுகாலை இழுத்தால் கவிதையில் தளை தட்டியது போலாகும். 'வீட்டுக்குப் போகலாம்' என்று காதில் சொன்னால், முடிவுக்கு வா என்று பொருள். மெய்ப்பாடு எட்டினையும் வகுத்த தொல்காப்பியர் இந்த 'விற்பனை'யைக் கண்டிருந்தால் அழுகை, அச்சம், பெருமிதம், வெகுளி ஆகியவற்றிற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியிருந்திராது.

இனி, கவிஞர்களுக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கு. ஆசுகவியா, எழுதித் திருத்திய கவியா என்னும் பழைய வழக்கே அது. 1987 மார்ச் 29ஆம் நாள் அமெரிக்காவின் பாண்டியாக் நகரில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதினர். சாவேஜ் எதையும் தற்செயலுக்கு விடாதவர். ஒவ்வோர் அசைவையும் எண்ணிட்டுத் தாளில் எழுதினார். இருவரும் மனப்பாடம் செய்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுச் சோதித்துக்கொண்டனர். களத்திலேயே காதோடு காதாகப் பேசிப் போட்டி கட்டிப் பழகிய ஸ்டீம்போட்டுக்கு அது புதிது. ஏறத்தாழ பதினைந்து நிமிடம் நடந்த அப்போட்டியைத் தொழில்முறை மற்போரின் செம்மையான படைப்புகளுள் ஒன்றாக இன்றும் போற்றுகின்றனர். அதன் ஈற்றடி கவனிக்கத்தக்கது. சில மாதங்களுக்கு முன் சாவேஜ், களத்து மணியைக் கொண்டு ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியதாகக் கதை. அதே மணியை இங்கும் எடுத்து வருகிறார். ஸ்டீம்போட்டுக்குத் துணையாக வந்தவர் குறுக்கிட, மணியோடு மேலேறிய சாவேஜ் கீழே விழுகிறார். ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடிக்கிறார். அந்தாதி நூல் தொடங்கிய சொல்லிலேயே வந்து முடிவது நம் மரபு.

ஆனால் அதே ஸ்டீம்போட் 1989 ஏப்ரல் 2ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரிக் ஃபிளேரோடு ஏறத்தாழ 55 நிமிடம் பொருதார். ஃபிளேர் ஆசுகவி. ஈற்றடியை மட்டும் வாங்கிக்கொண்டு களம் இறங்கி, கூட்டத்தின் மூச்சைக் கேட்டு அடுத்த அடியை அங்கேயே கட்டுபவர். கூட்டம் அடங்கினால் வேகம், கூட்டம் கொதித்தால் நிதானம். அப்போட்டியையும் செம்மையான படைப்பு என்றே சொல்கிறார்கள். எது உயர்ந்தது? சாவேஜின் போட்டியில் ஒரு சொல்லும் வீணில்லை. ஆனால் எந்த ஊரில் எந்தக் கூட்டத்தின் முன் நடந்தாலும் அது அப்படியேதான் நடந்திருக்கும். ஃபிளேரின் போட்டியில் தளர்ந்த இடங்கள் உண்டு. ஆயினும் அது அன்றைய நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்திற்கே உரியது. எழுத்துக் கவிதையைப் போற்றும் இந்த அவை சாவேஜின் பக்கம் சாயலாம். உடுக்கடிப் பாட்டு கேட்டு வளர்ந்த கொங்கு மண்ணின் காது ஃபிளேரின் பக்கம் சாய்வதே இயல்பு.

சாவேஜ் மோதிய அதே இரவில், அதே களத்தில், ஹல்க் ஹோகனும் ஆந்திரே என்னும் பேருருவ மல்லரும் மோதினர். ஆந்திரேக்கு முதுகு நோய். ஓடவும் தாவவும் இயலாது. ஆகவே அப்போட்டியில் அசைவுகள் மிகக் குறைவு. கட்டிப்பிடித்து நிற்பதே பெரும்பகுதி. நுணுக்கம் தேடுவோர் அதைக் குறை சொல்வர். ஆனால் அத்தனை மந்தமும் ஒரே ஒரு கணத்திற்காகச் சேமிக்கப்பட்டது. ஹோகன் அந்த மலையைத் தூக்கி எறிந்த கணம் அது. தூக்கப்படுபவன் இசைந்து தன் உடலைக் கொடுத்தாலன்றி அத்தகைய எடையைத் தூக்குதல் அரிது. தாராசிங், கிங்காங் என்னும் இரு பெயர்களை 1950களிலிருந்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய தமிழ்நாட்டு முதியோரும், 1990களில் டிரம்ப் கார்டில் மல்லரின் எடையையும் உயரத்தையும் மனப்பாடம் செய்த இளையோரும், வலியவனைத் தூக்கும் அந்தக் காட்சியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். இடைப்பட்ட பிடிகள் யாருக்கும் நினைவில்லை.

இந்தச் செய்தி நமக்குப் புதிதன்று. புறநானூற்றில் ஒரே மல்லனை இரு புலவர் பாடுகின்றனர். போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தி அது. சாத்தந்தையார் பிடியைப் பாடுகிறார்: ஒரு கால் மார்பில் மண்டியிட, மறுகால் முதுகில் அழுத்த, பசித்த யானை மூங்கிலை வளைப்பதுபோல் தலையும் காலும் ஒடிய மல்லனை மோதுகிறான் தலைவன். நக்கண்ணையாரோ பிடியைப் பாடவேயில்லை. அவர் கூட்டத்தைப் பாடுகிறார். தலைவனுக்கு இது சொந்த ஊரன்று, சொந்த நாடுமன்று; ஆகவே கூட்டம் இரண்டாய்ப் பிரிந்து ஒருசாரார் வெற்றி அவனுடையது என்கின்றனர், மறுசாரார் இல்லை என்கின்றனர். சிலம்பொலிக்க ஓடி, வீட்டருகே பனைமரத்தைச் சார்ந்து நின்று அவள் அவன் வெற்றியைக் காண்கிறாள். அயலூரான், பிளவுபட்ட கூட்டம், எட்டி நின்று பார்க்கும் கண்: இன்றைய போட்டி அமைப்பாளர் ஒருவரிடம் இதைக் கொடுத்தால் ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்றுக்கொள்வார். அப்பாடலில் வெற்றியைக் குறிக்க நக்கண்ணையார் ஆளும் சொல் 'ஆடு'. வெற்றிக்கும் ஆடலுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருந்தது. மாதவி ஆடிய பதினோராடலுள் மாயோன் வாணனை வென்ற மல்லாடலும் ஒன்று. மல்லை ஆடலாகக் கண்டவர்கள் அது பொய்யென்று கொதித்ததாக எந்த உரையாசிரியரும் எழுதவில்லை.

பொய் என்னும் குற்றச்சாட்டு இக்காலத்தது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் மற்போர் நிறுவனத்தாரே, இது விளையாட்டன்று, கேளிக்கை என ஒப்புக்கொண்டனர். வரியும் கட்டுப்பாடும் குறையும் என்பது நோக்கம். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்த கமுக்கம் வரிக்கணக்கில் உடைந்தது! ஆயினும் பார்ப்போர் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதற்குக் கொங்கு நாட்டில் விடை உண்டு. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்வர் என்பதை அறியாமல் அண்ணன்மார் கதை கேட்க வருபவர் யார்? ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி 1960களில் இக்கதையைப் பதிவு செய்தார். பல இரவுகள் நீளும் கதை அது. பாட்டும் வசனமுமாக மாறி மாறி வரும். பாடகர் போரை விரைவில் கடந்துவிடலாம், அல்லது ஒரே அம்பை ஓர் இரவு முழுதும் பறக்கவிடலாம். கேட்பவர்க்கு முடிவு தெரியும். தெரிந்தும் அழுகிறார்கள். வீரப்பூரிலும் பிற கோயில்களிலும் படுகளம் நிகழும்போது, அருள் வந்து வீழ்ந்து கிடப்பவர்கள் எழுப்பப்படுவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் எழும்வரை கூடியிருப்போர் படும் தவிப்பை நடிப்பென்று சொல்ல எவருக்கும் நா எழாது.

மற்போரில் முடிவுதான் ஏற்பாடு. வீழ்தல் ஏற்பாடன்று. பலகையின் மேல் மெல்லிய விரிப்பிட்ட களத்தில், ஆறடி உயரத்திலிருந்து முதுகு படும்போது அது படத்தான் செய்கிறது. தன் கழுத்தை எதிரியின் கையில் கொடுத்துவிட்டுத் தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு, அந்த எதிரியைத் தவிர வேறு காவல் இல்லை. 1997 ஆகஸ்ட் 3ஆம் நாள் நியூ ஜெர்சியில் நடந்த போட்டியொன்றில் ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்து விழுந்தார். கணக்கு சற்றுத் தவறிற்று. ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதியது. கைகால்களில் உணர்வற்றுப் போயிற்று. அன்று வெல்ல வேண்டியவர் ஆஸ்டின். ஓவன் என்ன செய்தார்? வீழ்ந்தவனை நோக்கித் திரும்பாமல், கூட்டத்தை நோக்கி நின்று ஏளனம் செய்யத் தொடங்கினார். கொக்கரித்தார், நடந்தார், கைகளை விரித்தார். தீயவன் வழக்கமாகச் செய்வதையே செய்கிறான் என்று கூட்டம் வசைபாடியது. அவர் நேரம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது களத்துக்குள் இருந்தவர்களுக்கே தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால், ஆஸ்டின் முழங்கையூன்றி, ஊர்ந்து வந்து, எப்படியோ அவருடைய காலைப் பிடித்துப் பின்னால் சரித்தார். வலுவற்ற பிடி. குழந்தைகூட உதறிவிடலாம். ஓவன் உதறவில்லை. நடுவர் மூன்று எண்ணினார்.